பிந்தி வந்தவளுக்கு அரைப் பங்கு

மூன்று வருடங்களுக்கு முன்பு, சித்திரை வருடப் பிறப்பு முடிந்து வீட்டில் பலகார வாளி காலியாகிக்கொண்டிருந்த ஒரு வாரத்தில், திருகோணமலையில் எங்கள் உப்புவெளிக் கடற்கரையில் இது தொடங்கியது. அன்று காலையில் நான் கடற்கரைக்குப் போனது கடலின் அழகைப் பார்க்க இல்லை. வீட்டில் இருந்தால் அம்மா என் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சுக்குத் தப்பித்தான் போனேன்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை விளங்காது. பத்தொன்பது வயதில், தம்பலகாமத்தில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வரும்போது வீதியில் யானை ஒன்று நின்றது. எங்களை ஏற்றிவந்த ஆட்டோக்காரர் யானைக்கு மரியாதை கொடுத்து வண்டியைத் திருப்ப, வண்டி வாய்க்காலுக்குள் இறங்கியது. யானை எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆட்டோக்காரருக்கு நெற்றியில் ஒரு கீறல், எனக்கு முதுகெலும்பு. அன்று முதல் இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, சக்கர நாற்காலிதான்.

அழ வேண்டியதையெல்லாம் அழுது முடித்த பிறகு எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. என் நாற்காலியை என்னால் மிக வேகமாகத் தள்ள முடிந்தது. சந்தைப் பக்கம் போனால் ஆட்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள், பாவம் பார்த்து இல்லை, பயத்தில். அப்படித்தான் சக்கர நாற்காலி ஓட்டப் போட்டிக்கு வந்தேன். ஓட்டத்துக்கென்று இருக்கும் நாற்காலி வேறு மாதிரி. மூன்று சக்கரம், முன்னால் நீண்ட மூக்கு. அதில் குனிந்திருந்து, கையுறை போட்ட கைகளால் சக்கரத்தின் வளையத்தை அடித்து அடித்துத் தள்ள வேண்டும். விடிய எழும்பி நிலாவெளி வீதியில் பயிற்சி எடுப்பேன். அந்த வீதி நாய்கள் துரத்திய துரத்தலில்தான் என் வேகம் கூடியது என்று இப்போதும் நம்புகிறேன்.

பல வருடங்கள் ஓடினேன். வீட்டு அலுமாரியின் ஒரு தட்டு முழுக்கப் பதக்கங்கள். உண்மையைச் சொன்னால், பதக்கத்தைவிட எனக்குப் பிடித்தது முன்னால் போகிறவரைப் பிடித்துத் தாண்டும் அந்தக் கணம்தான். முன்னால் ஒரு முதுகு தெரியும். அது பெரிதாகும், பக்கத்தில் வரும், பிறகு இல்லாமல் போகும். அந்த ருசி தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

கடைசியில் வலது தோள் மக்கர் பண்ணத் தொடங்கியது. முதலில் எண்ணெய், பிறகு பிளாஸ்டர், பிறகு மாத்திரை என்று ஏமாற்றிப் பார்த்தேன். ஒரு நாள் கட்டிலில் இருந்து நாற்காலிக்கு மாறும்போது கை என்னைக் கைவிட்டது. நிலத்தில் கிடந்து அம்மாவைக் கூப்பிட்டேன். வைத்தியர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: "உங்களுக்குத் தோள்தான் கால். இதையும் தேய்ச்சு முடிச்சீங்கள் எண்டால் கட்டிலால எழும்பவும் ஆள் வேணும். இனி ஓட்டம் ஏலாது."

என் பயிற்றுநர் என்னைவிட இளையவர். கிண்ணியாவிலிருந்து நாளும் பஸ்ஸில் வரும் விளையாட்டு உத்தியோகத்தர். என்னை அக்கா என்பார். திட்டும்போதும் அக்காதான், ஆனால் அந்த அக்காவில் மரியாதை கொஞ்சம் குறைந்திருக்கும். செய்தி கேட்டு வீட்டுக்கு வந்தார்.

"அக்கா, ஓட்டம் முடிஞ்சா விளையாட்டே முடிஞ்சதெண்டு ஆர் சொன்னது? இருந்துகொண்டே குண்டு போடலாம். மேசைப்பந்து விளையாடலாம்."

"கரம் போர்டும் ஆடலாம்," என்றேன். "டீவியில நாடகமும் பாத்துக்கொண்டு."

அவர் தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுக் கிண்ணியா பஸ்ஸுக்குப் போய்விட்டார். எனக்குள் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று நின்றுபோய்விட்டது என்பதை அவருக்கு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி காட்டித் தந்தவர் ஒரு ரப்பர் பட்டியைத் தந்தார். இத்தனை வருடமும் தள்ளித் தள்ளியே தோளின் முன்பக்கம் இறுகிவிட்டது, இனி இழுத்து இழுத்துப் பின்பக்கத்தைப் பலப்படுத்த வேண்டும், வலி வந்தால் நிறுத்த வேண்டும் என்றார். பட்டியைக் கதவுப் பிடியில் கட்டி இழுக்க வேண்டும். நான் இழுப்பேன், கதவு கிறீச்சிடும், அம்மா பெருமூச்சு விடுவார். நான்கு நாள் செய்தேன். ஐந்தாம் நாள் பட்டியை அலுமாரிக்கு மேலே எறிந்துவிட்டேன்.

ஆனால் விடிய எழும்பும் பழக்கம் போகவில்லை. பயிற்சி இல்லாத காலைகளில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய், மணலுக்கு இறங்கும் சீமெந்துச் சரிவில் நின்றுகொள்வேன். என் கைத்தொலைபேசி திருத்தும் கடையைப் பத்து மணிக்குத் திறந்தால் போதும். அந்த இடத்தில்தான் கரைவலை இழுப்பார்கள்.

கரைவலை தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. தோணியில் போய் வலையைக் கடலில் அரைவட்டமாக வளைத்துவிட்டு வருவார்கள். அதன் இரண்டு பக்கக் கயிறுகளையும் கரையில் இரண்டு வரிசை ஆட்கள் நின்று மணிக்கணக்காக இழுப்பார்கள். வலையின் நடுவில் பை போல இருக்கும் பகுதிக்கு மடி என்று பெயர், மீன் அதற்குள்தான் சேரும். ஒருவர் பாட, மற்றவர்கள் திருப்பிச் சொல்லி இழுப்பார்கள். அந்தப் பாட்டை அம்பா என்பார்கள். மடி தூரத்தில் இருக்கும்வரை பாட்டு நிதானமாகப் போகும்: இழு, நில், மூச்சு வாங்கு, மறுபடி இழு. மடி கரையை நெருங்கியதும் பாட்டு மாறும். மீன் பாய்ந்து தப்பிவிடக் கூடாதே, அதனால் மூச்சு வாங்க இடமே இல்லாத பாட்டு. மடிப்பாட்டு என்பார்கள் அதை. சில கரைகளில் இப்போது உழவு மெசின் வைத்து இழுக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் இன்னும் கைதான்.

இங்கே பாடுகிறவர் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவர். பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டால் வாயே திறக்காத மனுஷன், கடற்கரையில் வாயை மூடி நான் கண்டதில்லை. என்னைக் கண்டால் தூரத்திலிருந்தே ஒரு நக்கல் வரும். "என்ன, கடல் குறைஞ்சிருக்கோ? அளந்து முடிஞ்சுதோ?"

நான் சொன்ன அந்த நாளில் நீரோட்டம் பலமாக இருந்தது. வருடப் பிறப்புக்கு ஊருக்குப் போன இரண்டு மூன்று பேர் திரும்பி வராததால் ஆளும் குறைவு. கயிறு வரவர, வரிசையின் கடைசியில் அதன் வால் இறுக்கமில்லாமல் திரும்பக் கடல் பக்கம் வழுக்கிக்கொண்டிருந்தது. பாட்டுக்காரர் பாட்டுக்கு நடுவில் என்னைப் பார்த்துக் கத்தினார்.

"சும்மாதானே இருக்கிறீர்? இந்த வாலைக் கொஞ்சம் பிடியும்."

எனக்குச் சுள்ளென்று வந்தது. ஆனால் சும்மா இருக்கிறேன் என்பது உண்மைதானே. பிடித்தேன். பிரேக் போட்டிருந்தும் நாற்காலி கடலைப் பார்த்து வழுக்கத் தொடங்கியது. "ஆளும் போகுது" என்று யாரோ சிரிக்க, ஒருவர் ஓடிவந்து என் நாற்காலியைப் பின்னாலிருந்த தென்னையோடு சேர்த்துக் கட்டினார், கன்றுக்குட்டியைக் கட்டுவதுபோல. நாற்காலியின் பின்பையில் என் பழைய ஓட்டக் கையுறை கிடந்தது. அதைப் போட்டுக்கொண்டு இழுத்தேன். அவர் பாட, எல்லோரும் இழுக்க, நானும் இழுத்தேன். பாட்டு நிற்கிற இடத்தில் கை தானாக நின்றது. எவ்வளவு நேரம் போனதென்று தெரியாது. மடி கரையேறியபோது என் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. இதயம் அடித்த சத்தம் எனக்கே கேட்டது. மாதக்கணக்கில் கேட்காத சத்தம் அது.

மீனைக் கூறு போட்டார்கள். பெரியவற்றை வியாபாரிக்கு ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை இழுத்தவர்களுக்குப் பங்கு பிரித்தார்கள். கீரி மீனும் சூடை மீனும் ஒரு குவியலாக என் நாற்காலிக்கு முன்னால் வந்து விழுந்தது.

"எனக்கு வேண்டாம்," என்றேன்.

ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை கோயில் வாசலில் அம்மாவுக்காகக் காத்துக்கொண்டு நின்றபோது, யாரோ ஒரு அம்மா என் மடியில் ஒரு காசுத் தாளை வைத்துவிட்டு, "கடவுள் காப்பாற்றுவார்" என்று கன்னத்தையும் தடவிவிட்டுப் போனார். அன்று நான் பட்டுச்சேலை கட்டியிருந்தேன். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு உலகம் இப்படித்தான் கொடுக்கும். எதை நீட்டினாலும் முதலில் அதற்குள் இரக்கம் இருக்கிறதா என்று மோந்து பார்ப்பது எனக்குப் பழகிவிட்டது.

பாட்டுக்காரருக்குக் கோபம் வந்தது. "கயித்தில கை வச்ச ஆளுக்குப் பங்கு. அது இந்தக் கரையின்ர முறை. நீர் எடுக்காமல் போனால் நாளைக்கு எங்கட மடியில ஒண்டும் விழாது. எடும்."

குனிந்து குவியலைப் பார்த்தேன். பிறகு மற்றவர்களின் குவியல்களைப் பார்த்தேன். என்னுடையது நன்றாகச் சிறியது.

"இதென்ன, எனக்கு மட்டும் குறைவா இருக்கு?"

"நீர் பிந்தித்தானே வந்தனீர்," என்றார் அவர், கையைக் கழுவிக்கொண்டே. "பாதி வலை வந்தாப் பிறகு கை வச்ச ஆளுக்கு அரைப் பங்குதான். முழுப் பங்கு வேணுமெண்டால் நாளைக்கு நேரத்துக்கு வாரும்."

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது? இரக்கப்படுகிறவர்கள் எப்போதும் கூட்டித்தான் கொடுப்பார்கள். யானை நின்ற அந்த நாளுக்குப் பிறகு, எனக்குக் கணக்குப் பார்த்துக் குறைத்துக் கொடுத்த முதல் மனிதரை அன்றுதான் கண்டேன். அந்த அரைப் பங்கு மீனை மடியில் வைத்துக்கொண்டு, பாவாடையெல்லாம் மீன் தண்ணீர் ஒழுக, வீட்டுக்குப் போனேன். அம்மா குசினியில் இருந்து எட்டிப் பார்த்து, "இதார் தந்தது?" என்று கேட்டார்.

"ஆரும் தரேல்ல. என்ர பங்கு," என்றேன். அன்று பொரியலும் குழம்புமாகச் சாப்பிட்டோம். அம்மா பெருமூச்சு விட மறந்துவிட்டார்.

மறுநாள் நேரத்துக்கே போனேன். முழுப் பங்கு கிடைத்தது. பிறகு விடிய எழும்பியதும் மனம் அங்கேதான் பாயும். எனக்கென்று பழைய தோணிப் பலகைகள் இரண்டை மணலில் போட்டுவைத்தார்கள், அந்தத் தென்னைக்கு என் பட்டப்பெயரையும் வைத்தார்கள். அதை இங்கே எழுத மாட்டேன். தோள் வலி கூடும் என்று பயந்துகொண்டேதான் இருந்தேன். ஆனால் கூடவில்லை, வரவரக் குறைந்தது. ஒரு நாள் காலையில் கட்டிலில் இருந்து நாற்காலிக்கு மாறிய பிறகுதான், வலிக்கவில்லை என்பதே ஞாபகம் வந்தது. கதவுப் பிடி செய்யாததைக் கரைவலை செய்துவிட்டது.

இந்தக் கதை எப்படியோ கிண்ணியாவுக்கும் போய்விட்டது. ஒரு காலையில் என் பயிற்றுநர் சீமெந்துச் சரிவில் வந்து நின்றார். தென்னையில் கட்டுண்டு, ஓட்டக் கையுறையோடு, ஆண்களின் வரிசைக்குக் கடைசியில் நான் கயிறு இழுப்பதைப் பார்த்து முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. என் கைகளையும் முதுகையும் கூர்ந்து பார்த்தார்.

"அக்கா, நோகுதா?"

"இல்லை."

"அப்ப நாளைக்குத் துறைமுகத்துக்கு வாங்க. உங்களை இழுக்க வைக்க என்னட்ட ஒரு சாமான் இருக்கு."

அந்தச் சாமான் ஒரு துடுப்புப் படகு. ஒருவர் மட்டும் இருந்து வலிப்பது. என்னைப் போன்றவர்களுக்கென்று இருக்கை அசையாமல் பொருத்தி, நெஞ்சைச் சுற்றிக் கட்ட ஒரு பட்டியும், கவிழாமல் இருக்க இரண்டு பக்கமும் சிறு மிதவைகளும் வைத்திருந்தார்கள். துறைமுகத்தின் உள்பக்கம் குளம்போலக் கிடக்கும். பெரிய கப்பல்கள் ஒரு பக்கம், மூதூர்ப் பக்கத்து மலைகள் தூரத்தில். நான்கு பேர் சேர்ந்து என்னை இறங்குதுறைப் படியால் தூக்கிப் படகுக்குள் வைத்தபோது அவர்களில் ஒருவரின் கையை விடாமல் பிடித்துக்கொண்டேன். கடற்கரையில் பிறந்து வளர்ந்தாலும், பஸ் நடத்துநரின் மகளான எனக்குக் கடல் பார்க்கிற சாமான்தான், மேலே போகிற சாமான் இல்லை.

ஆனால் துடுப்பை முதல் தடவை இழுத்ததும் தோள் அடையாளம் கண்டுகொண்டது. இது கயிறுதான், கொஞ்சம் ஈரமான கயிறு.

பழகக் கஷ்டமாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். துடுப்பு வலிப்பவர் போகும் திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்க வேண்டும். வந்த வழிதான் கண்ணுக்குத் தெரியும், போகிற வழி தெரியாது. நாற்காலி ஓட்டத்தில் எனக்கு முன்னால் போகிறவரின் முதுகுதான் எல்லாம். இங்கே முன்னால் போகிறவரைப் பார்க்கவே முடியாது, பின்னால் வருகிறவர்கள்தான் தெரிவார்கள். பயிற்றுநர் அதைச் சுருக்கமாகச் சொல்லித் தந்தார்: "கண்ணுக்கு ஆக்கள் தெரிஞ்சா சந்தோஷப்படுங்க. ஒருத்தரும் தெரியாட்டி நீங்கதான் கடைசி." முதல் மாதம் நான் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நங்கூரம் போட்டிருந்த ஒரு மீன்பிடிப் படகில் போய் இடித்தேன். அதில் படுத்திருந்தவர் எழும்பி என்னைப் பார்த்துவிட்டு, திட்ட வந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார். "பரவாயில்லை, திட்டுங்கோ," என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

அடுத்த வருடம் எங்கள் துறைமுகத்திலேயே தேர்வுப் போட்டி வைத்தார்கள். ஐந்து படகுகள். முதல் இரண்டு பேருக்குக் கொழும்பில் பயிற்சி முகாம். எனக்கு அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. நான் வலித்த படகு எங்களுடையது இல்லை, கொழும்பில் இருந்து ஒரு பருவத்துக்கென்று தந்திருந்தார்கள். எங்கள் மாவட்டத்தில் இருந்து யாரும் தெரிவாகாவிட்டால் அது வேறு மாவட்டத்துக்குப் போய்விடும். திருகோணமலையில் இருந்து போட்டியிட்டவள் நான் ஒருத்திதான். தோற்றால் படகு இல்லை. அலுமாரிக்கு மேலே ரப்பர் பட்டி இன்னும் கிடந்தது. அதை நினைத்தால் எனக்கு நித்திரை வரவில்லை.

கரைவலைக்காரர்களிடம் போட்டி நாளை மட்டும் சொல்லியிருந்தேன். வாருங்கள் என்று கேட்கவில்லை. அது வலைக் காலம், ஒரு நாள் வளைக்காவிட்டால் அத்தனை வீட்டுக்கும் நட்டம். அவர்களும் வருவதாகச் சொல்லவில்லை. ஆனால் போட்டியன்று காலையில் என்னைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தபோது வீதியில் லான்மாஸ்டர் ஒன்று, பெட்டி பூட்டிய இரட்டைச் சக்கர உழவு மெசின், தடதடவென்று வந்து நின்றது. பின்பெட்டியில் பதினாறு பதினேழு பேர், வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி இழுத்து, கலியாண வீட்டுக்குப் போவதுபோல. அவர்களைச் சட்டையோடு நான் பார்த்ததே அன்றுதான். பாட்டுக்காரர் கையைத் தூக்கிக் காட்டினார். நக்கல் ஒன்றும் வரவில்லை.

எதிர்க்கரைப் பக்கம் தொடங்கி, அவர்கள் நின்ற இறங்குதுறைக்கு வந்து முடிக்க வேண்டும். விசில் ஊதினார்கள். நன்றாகத்தான் தொடங்கினேன். துடுப்பு தண்ணீரைப் பிடித்தது. கண்ணுக்கு முன்னால் நான்கு படகுகளும் தெரிந்தன. நான்கும் எனக்குப் பின்னால். பயிற்றுநர் சொன்னபடி சந்தோஷப்பட்டேன். கொஞ்சம் அதிகமாகவே சந்தோஷப்பட்டிருப்பேன்.

பாதி வழி வந்திருக்கும். முதுகுப் பக்கம் இருந்து காற்றோடு ஒரு குரல் வந்தது. அதைத் தொடர்ந்து பதினைந்து குரல்கள். என் ஆட்கள் எனக்காக அம்பா பாடத் தொடங்கியிருந்தார்கள். இப்படி ஒரு உற்சாகம் அங்கே வேறு யாருக்கும் கிடைக்கவில்லை. கண் கலங்க, பல்லைக் கடித்து, இன்னும் பலமாக இழுத்தேன்.

ஆனால் இடது பக்கம் இருந்த படகு மெல்ல நகர்ந்து, எனக்கு நேரே வந்து, கண்ணில் இருந்து மறைந்தது. எனக்கு விளங்கவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். இன்னொரு படகு மறைந்தது. தோள் நோகவில்லை, மூச்சு வாங்கவில்லை, முழுப் பலத்தோடுதான் இழுக்கிறேன். ஆனாலும் மூன்றாவது படகும் மறைந்தது. கண்ணுக்கு முன்னால் மிச்சம் ஒரே ஒரு படகு. அதுவும் கிட்ட வந்துகொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது. படகு போகப்போகிறது, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

கரையில் நடந்ததைப் பிறகு பயிற்றுநர் சொல்லித்தான் அறிந்தேன். அவர் கையில் கடிகாரத்தோடு நின்றாராம். பாட்டுத் தொடங்கியதும் என் துடுப்பு ஆறுதலாகி, வேகம் குறைந்து போனதைக் கண்டிருக்கிறார். இழு, நில், மூச்சு வாங்கு, மறுபடி இழு. பாட்டு நிற்கிற இடத்தில் என் கையும் நிற்கிறது. ஒரு வருடமாகத் தென்னையில் கட்டுண்டு பழகிய கை என்னைக் கேட்காமலே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தது. அவர் ஓடிப்போய்ப் பாட்டுக்காரரின் வெள்ளைச் சட்டையைப் பிடித்து இழுத்தாராம்.

"பாட்டை நிப்பாட்டுங்க. அவங்க உங்கட பாட்டுக்கு வலை இழுக்கிறாங்க."

பாட்டுக்காரர் தண்ணீரைப் பார்த்தார். ஒரு வரி, ஒரு இழுப்பு. இன்னொரு வரி, இன்னொரு இழுப்பு. அவருடைய முகம் செத்துப்போனது என்றார் பயிற்றுநர். ஆனால் மனுஷன் பாட்டை நிறுத்தவில்லை. "நிப்பாட்டினால் கை நிண்டிடும்," என்று மட்டும் சொல்லிவிட்டு, கையை உயர்த்தி மற்றவர்களுக்குச் சைகை காட்டி, மடிப்பாட்டுக்கு மாறினார்.

எனக்கு இது ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், முதுகுக்குப் பின்னால் மடி வந்துவிட்டது. மீன் பாயப் போகிறது. கை பறந்தது. மூச்சு வாங்க அந்தப் பாட்டில் இடமில்லை, நானும் வாங்கவில்லை. அடிக்கு அடி, வரிக்கு வரி. கிட்ட வந்த படகு தூரமானது. கண்ணின் ஓரத்தில் இன்னொரு படகின் பின்முனை தெரிந்தது, பிறகு அதில் இருந்தவரின் முதுகு, பிறகு முழுப்படகும் எனக்கு முன்னால், அதாவது எனக்குப் பின்னால். இரண்டு. பாட்டு காதுக்குள்ளேயே கேட்கத் தொடங்கியது. கரை கிட்ட வந்துவிட்டது என்று விளங்கியது. மூன்றாவது படகும் நானும் பக்கம் பக்கமாக வந்தோம். அதன் துடுப்பு தெறித்த தண்ணீர் என் முகத்தில் அடித்தது. யாரோ விசில் ஊதினார்கள். துடுப்பை விட்டுவிட்டுப் பார்த்தேன்.

கண்ணுக்கு முன்னால் மூன்று படகுகள் நின்றன. மூன்றாவது ஒரு முழ வித்தியாசத்தில்.

இரண்டாம் இடம். பதக்கமும் உண்டு, முகாமும் உண்டு, படகும் எங்களுக்கு. நான் படகுக்குள் குப்புறக் கிடந்து சிரித்தேனா அழுதேனா என்று இன்றுவரை பயிற்றுநரோடு ஒரு வாக்குவாதம் உண்டு.

என்னைத் தூக்கி நாற்காலியில் வைத்து, பயிற்றுநர் நடந்ததைச் சொல்லி முடித்ததும் பாட்டுக்காரர் வந்தார். தலையைக் குனிந்துகொண்டு, "எங்களால நீர் தோத்திருப்பீர்," என்றார். பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டால் நிற்பதுபோல நின்றார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"அதை விடும்," என்றேன். "கயித்தில கை வச்ச ஆக்களுக்குப் பங்கு எண்டுதானே இந்தக் கரையின்ர முறை? பதக்கத்தில உங்களுக்கும் பங்கிருக்கு."

அவர் தலையை நிமிர்த்தினார். கண்ணில் பழைய நக்கல் திரும்பி வந்துகொண்டிருந்தது. "எவ்வளவு?"

"பிந்தித்தானே மடிப்பாட்டுப் பாடினனீங்கள். அரைப் பங்குதான்."

அத்தனை பேரும் சிரித்த சிரிப்பில் துறைமுகத்துக் காகங்கள் கலைந்து போயின. பதக்கத்தை எப்படிப் பாதியாக்குவது என்று லான்மாஸ்டரில் போகும் வழியெல்லாம் கதைத்திருக்கிறார்கள். வாளால் அறுக்கலாம் என்று ஒருவர், ஒரு கிழமை மாறி ஒரு கிழமை வைத்துக்கொள்ளலாம் என்று இன்னொருவர். கடைசியில் பாட்டுக்காரர்தான் தீர்ப்புச் சொன்னார். கரைவலைக் காலம் முழுக்கப் பதக்கம் அவர்களுடைய வாடியில், வலையும் கயிறும் வைக்கும் அந்தக் கொட்டிலில், சாமிப் படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். மாரி தொடங்கி வாடியைப் பூட்டும்போது என் வீட்டுக்கு வரும். அன்று முதல் இன்றுவரை அந்த முறை பிசகவில்லை.

கொழும்பு முகாமுக்குப் போனேன், வந்தேன். பெரிதாக ஒன்றும் வெட்டிக் கிழிக்கவில்லை. நாட்டில் நான் நடுவில் எங்கோ இருக்கிறேன், அது எனக்குப் போதும். இப்போது எங்கள் துறைமுகத்தில் என்னைப் போல இன்னும் இரண்டு பேர் அந்தப் படகில் மாறி மாறிப் பழகுகிறார்கள். கரைவலைக் காலத்தில் காலையில் கயிறு, மாலையில் துடுப்பு. போட்டிகளுக்கு என் ஆட்கள் வருவதென்றால் மடிப்பாட்டு மட்டும்தான் பாடலாம் என்று பயிற்றுநர் சட்டம் போட்டிருக்கிறார்.

போன கிழமை வாடி பூட்டினார்கள். லான்மாஸ்டர் வந்து பதக்கத்தைத் தந்துவிட்டுப் போனது. உப்புக் காற்றில் பச்சை பிடித்து, நாடா வெளிறி, மீன் வாசத்தோடு வந்து சேர்ந்தது. அம்மா பழப்புளி போட்டுத் தேய்க்கவென்று கையில் எடுத்தார். வேண்டாம் என்று வாங்கி வைத்துவிட்டேன். அலுமாரிக்குள் மினுங்கிக்கொண்டிருக்கும் ஓட்டப் பதக்கங்கள் எல்லாம் முழுக்க முழுக்க என்னுடையவை, ஆனால் வீட்டுக்கு யாராவது வந்தால் நான் முதலில் எடுத்துக் காட்டுவது, பாதி மட்டும் எனக்குச் சொந்தமான இந்த ஒன்றைத்தான்.